கொழும்பு றோயல் கல்லூரியைத் தோற்றுவித்தது துறைமுகமா?

கேள்வி: வரலாற்று ஆசிரியை, முள்ளியவளை

வணக்கம். தரம் 10 மாணவர்களுக்குப் பிரித்தானியர் காலக் கல்வி வரலாற்றைக் கற்பித்து வருகிறேன். கொழும்பு வளர்ந்துவரும் துறைமுக நகரமாக இருந்ததனால்தான் றோயல் கல்லூரி அங்கே தோன்றியது என்று என் கைவசமுள்ள ஒரு குறிப்பில் இருந்ததை வாசித்துக் காட்டினேன். உடனே கடற்றொழிலாளர் குடும்பத்து மாணவி ஒருவர் எழுந்து, "அப்படியெண்டால் ரீச்சர், முல்லைத்தீவிலயும் கடல் இருக்குத்தானே, இங்க ஏன் அப்படியொரு பள்ளிக்கூடம் வரேல்ல?" என்று கேட்டார். வாய்க்கு வந்த எதையோ சொல்லி அந்தப் பிள்ளையை இருத்திவிட எனக்கு மனம் வரவில்லை. துறைமுகம்தான் பாடசாலையைக் கொண்டுவந்ததா, வேறு காரணங்கள் இருந்தனவா என்பதை ஆண்டுகளோடு விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

பதில்: ஓய்வுநிலை அதிபர், வவுனியா

பிள்ளையின் கேள்வி மிகச் சரியானது. குறிப்பில்தான் காலவரிசை பிசகியிருக்கிறது. 1835 ஜனவரியில் யோசப் மார்ஷ் என்ற குருவானவர், ஒல்லாந்தர் கட்டிய வுல்வெண்டால் தேவாலயத்தின் பின்விறாந்தையில் ஒரு தனியார் பாடசாலையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே தேசாதிபதி வில்மட் ஹோட்டன் அதனை அரசாங்கப் பாடசாலையாக்கினார். அப்போது அது கொழும்பு அக்கடமி எனப் பெயர் பெற்றது. றோயல் கல்லூரி என்ற பெயர் 1881 இல்தான் வந்தது.

அந்த நாளில் கொழும்பு பெருந்துறைமுகமாக இருக்கவில்லை. தென்மேல் பருவக்காற்றுக்கு மறைவில்லாத திறந்த கடலிலேயே கப்பல்கள் அங்கு நங்கூரமிட வேண்டியிருந்தது. தூரதேசக் கப்பல்கள் நாடியது காலித் துறைமுகத்தை. சுயஸ் கால்வாய் 1869 இல் திறந்த பின்னர்தான் நிலைமை மாறியது. கொழும்பின் அலைதடுப்புச் சுவருக்கு வேல்ஸ் இளவரசர் முதற்கல் நாட்டியது 1875 டிசெம்பரில். சுவர் முடிந்தது 1885 இல். ஆகவே பாடசாலை, நாம் இன்று அறிந்த துறைமுகத்திற்கு ஏறக்குறைய 40 ஆண்டுகள் மூத்தது.

உண்மையான காரணத்தை, இலங்கை நிர்வாகத்தை ஆராயப் பிரித்தானிய அரசு அனுப்பிய கோல்புறூக் - கமரன் ஆணைக்குழுவின் விதப்புரைகளில் தேட வேண்டும். அவை 1833 இல் நடைமுறைக்கு வந்தன. நிர்வாகச் செலவைக் குறைப்பதற்கு, இங்கிலாந்திலிருந்து உயர்ந்த சம்பளத்தில் ஆட்களை வரவழைப்பதை விட்டு, ஆங்கிலம் கற்ற சுதேசிகளைப் பதவிகளில் அமர்த்தலாம் என்று கோல்புறூக் கருதினார். அந்தச் சிந்தனையின் வழியில் 1834 இல் பாடசாலை ஆணைக்குழு அமைந்தது. அதனையடுத்து அக்கடமி அரசின் கைக்கு வந்தது. கந்தோருக்கு ஆள் தேவைப்பட்டது; அதற்காகவே பாடசாலை வளர்க்கப்பட்டது. அங்கே படித்துக் கேம்பிறிட்ஜ் சென்ற பொன்னம்பலம் அருணாசலம், போட்டிப் பரீட்சையின் வழியாக இலங்கைக் குடியியற் சேவையில் சேர்ந்த ஆண்டு 1875. துறைமுகத்துக்கு முதற்கல் வைத்த அதே ஆண்டில், பாடசாலை தனக்கு இடப்பட்ட வேலையைச் செய்து முடித்திருந்தது என்று நான் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு.

பதில்: நெடுங்கேணியான்

அதிபர் ஐயா கூறியதோடு உடன்படுகிறேன். துறைமுகம் ஒரு பாடசாலையை இடம்பெயர்த்த கதையும் உண்டு. பேராயர் சப்மன் 1851 இல் முகத்துவாரத்தில் நிறுவிய புனித தோமையர் கல்லூரி, துறைமுகத்து நிலக்கரித் தூசு மாணவரின் உடல்நலத்தைக் கெடுக்கிறது என்பதனால் 1918 இல் கல்கிசைக்கு மாறியது.

பதில்: கிளிநொச்சி வாசகர்

ரீச்சர், அந்தப் பிள்ளையின் கேள்வியில் முல்லைத்தீவும் இருக்கிறது. அதற்கும் பதில் வேண்டும். கொழும்பு அக்கடமிக்கு 12 ஆண்டுகள் முன்னரே, 1823 இல், அமெரிக்க மிசனரிமார் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் செமினரி என்ற உயர்கல்விக் கூடத்தைத் தொடங்கிவிட்டார்கள். வட்டுக்கோட்டை துறைமுக நகரமும் அன்று, தலைநகரமும் அன்று. செறிந்த குடியிருப்பும் ஊன்றி நின்ற ஒரு மிசனும் அங்கே இருந்தன. அங்கே ஆங்கிலத்தோடு தமிழும் கற்பிக்கப்பட்டது; சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளில் ஒருவரான சி. வை. தாமோதரம்பிள்ளை அங்கே படித்தவர்தான்.

முல்லைத்தீவு அடங்கிய வன்னிக்கு இந்த இரண்டும் வாய்க்கவில்லை. குளங்கள் உடைந்து, மலேரியாவால் ஊர்கள் மெலிந்து கிடந்த காலம் அது. அதிபர் ஐயா சொன்ன 1833 இன் அதே கோல்புறூக் சீர்திருத்தம் வன்னியை வட மாகாணத்துக்குள் சேர்த்து, கச்சேரியை, அதாவது மாகாண அரச நிர்வாக அலுவலகத்தை, யாழ்ப்பாணத்தில் வைத்தது. கச்சேரி இருந்த இடத்தில் உத்தியோகமும், உத்தியோகத்தை நோக்கிய படிப்பும் திரண்டன. முல்லைத்தீவு தனி மாவட்டமானது 1978 இல்தான். நான் படித்த காலத்தில்கூட, ஆறாம் வகுப்பு முடிந்ததும் யாழ்ப்பாணத்து உறவினர் வீட்டில் என்னை விட்டுவிட்டு, அப்பா தனியாக பஸ் ஏறித் திரும்பிப் போனார். இதை எழுதும்போதும் அந்த பஸ் கண்ணில் நிற்கிறது.

கேள்வி கேட்டவர்: வரலாற்று ஆசிரியை, முள்ளியவளை

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. 1833 இல் எடுத்த ஒரே முடிவு கொழும்புக்குப் பாடசாலையாகவும் எங்களுக்குத் தூரமாகவும் முடிந்தது என்பதை நான் இதுவரை சேர்த்துப் பார்க்கவில்லை. நாளைய பாடவேளையில் 1833, 1835, 1875 ஆகிய மூன்று ஆண்டுகளையும் கரும்பலகையில் எழுதிவிட்டு, குறிப்பில் எது பிழை என்பதை அந்த மாணவியிடமே முதலில் கேட்கப் போகிறேன்.