"எந்த மூட்டை தம்பி?" – டெல்டா கள ஆய்வில் இடறிய கேள்விகள் (அனுபவப் பகிர்வு; ஒவ்வொரு பகுதிக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

குடமுருட்டி

வினாத்தாளில் 27-ஆவது கேள்வி: போன சம்பாவில் ஒரு மா நிலத்துக்கு எத்தனை மூட்டை கண்டது? பாபநாசம் பக்கம் ஒரு திண்ணை. பெரியவர் "பன்னெண்டு" என்றார், டேப்லெட்டில் 12 ஏறியது. கேட்ட பையன் 28-க்குப் போகும்போது அவரே கையைக் காட்டி நிறுத்தினார். "எந்த மூட்டைன்னு கேக்கலியே தம்பி. டிபிசி மூட்டையா, யாவாரி மூட்டையா?"

முந்தின வாரம் முழுக்க முடித்த வீடுகளில் ஒருவர்கூட இப்படி நிறுத்தவில்லை. அதுதான் உறுத்துகிறது. டிபிசி என்கிற அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையத்துச் சிப்பம் 40 கிலோ. வியாபாரி களத்தில் பிடிப்பது 60 கிலோ, சில ஊரில் ஒன்றிரண்டு கூடும். 3 மா ஓர் ஏக்கர் என்றால் மாவுக்கு 12 என்பது ஏக்கருக்கு 36. 40-ஆல் பெருக்கினால் 1,440 கிலோ, 60-ஆல் பெருக்கினால் 2,160. நடுவே 720 கிலோ. காவிரியில் தண்ணீர் வராததால் விளைச்சல் விழுந்தது என்று இந்த 720-ஐ வைத்தே ஓர் அறிக்கை எழுதிவிடலாம்.

ஈரப்பதம் தனிக் கதை. கொள்முதலுக்கு வழக்கமான வரம்பு 17 சதவீதம். மிஷினில் அறுத்து ரோட்டில் கொட்டிய நெல் 22 இருக்கும். 100 கிலோ அப்படிப்பட்ட நெல் 17-க்குக் காய்ந்தால் 94 கிலோதான். களத்திலேயே விற்றவரையும் காயவைத்து விற்றவரையும் ஒரே நெடுவரிசையில் போடக் கூடாது.

அரசலாறு

மூட்டை இன்றைய சிக்கல். பழைய ஆய்வோடு ஒப்பிட உட்கார்ந்தால் கலம் வந்து நிற்கும். 12 மரக்கால் ஒரு கலம், 2 கலம் ஒரு மூட்டை. உங்கள் 60 கிலோ அங்கிருந்து வந்ததுதான். ஆனால் கலம் முகத்தலளவை, எடை கிடையாது. மோட்டா ரகமும் சன்ன ரகமும் ஒரே மரக்காலில் ஒரே எடை நிற்காது. பழைய அட்டவணையைக் கிலோவுக்கு மாற்றியவர் எந்த விகிதம் போட்டார் என்று அடிக்குறிப்பில் தேடாமல் ஒப்பிடுவது வீண்.

அதைவிடப் பெரிய இடறல் ஊர்ப் பெயர். சென்னைப் பல்கலைக்கழகத்து கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-இல் தொடங்கிய கிராம ஆய்வில் அன்றைய தஞ்சை மாவட்டத்துப் பாலக்குறிச்சி சொந்தப் பெயரிலேயே இருக்கிறது. அதனால் திரும்பத் திரும்ப அங்கே போய் அளக்க முடிந்தது. மானிடவியலாளர் கேத்லீன் காஃப் 1951-53-இல் இருந்த 'கும்பபேட்டை'யும், சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேயின் 'ஸ்ரீபுரம்' என்பதும் புனைபெயர்கள். சாதியும் கூலியும் பேசும் ஆய்வில் ஊரை மறைத்தது சரி. 60 வருஷம் கழித்து அதே வாய்க்காலை அளக்க நினைப்பவருக்குக் கதவு பாதி சாத்திக் கிடக்கிறது.

மாவட்டக் கணக்கும் அப்படியே. 'தஞ்சாவூர் மாவட்டம்' என்றால் எந்த வருஷத்துத் தஞ்சாவூர்? 1991-இல் நாகை பிரிந்தது, 1997-இல் திருவாரூர், 2020-இல் மயிலாடுதுறை. மூன்றையும் சேர்க்காமல் பல வருஷக் கணக்கை வரிசையாகப் போட்டுச் சாகுபடிப் பரப்பு குறைந்துவிட்டது என்கிற கட்டுரையைப் பார்த்தாயிற்று.

ஓடம்போக்கி

விளைச்சலைக் கடைசியில் கேளுங்கள். முதலில் தவறுவது நிலம் யாருடையது என்கிற கேள்வி.

வாசலில் நிலக்காரரின் மைத்துனர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிறார். உள்ளே குத்தகைக்காரர் "சொந்த நிலந்தாங்க" என்கிறார். அந்தப் பதிலைப் பொய் என்று ஒதுக்கவும் முடியாது, எழுதிக்கொள்ளவும் முடியாது. குத்தகை உரிமைப் பதிவுக்கு 1969-லேயே சட்டம் வந்துவிட்டது. பேச்சளவில் நடக்கிற குத்தகை அதில் ஏறவில்லை. ஏறினால் நிலம் கைவிட்டுப் போகும் என்று ஒருவருக்குப் பயம், அடுத்த வருஷம் நிலம் கிடைக்காது என்று மற்றவருக்குப் பயம்.

வீட்டை அலகாக வைக்காமல் துண்டு துண்டாகக் கேட்க வேண்டும். விதை யார் வாங்கினது? மருந்துக் கடையில் பாக்கி யார் பேரில்? டிபிசியில் போட்டபோது யார் பேரில் பில்? அங்கே சிட்டா (நிலம் யார் பேரில்), அடங்கல் (அதில் என்ன பயிர்) கேட்பார்கள், பணம் அந்தப் பெயருக்குரிய கணக்கில் போய் விழும். விதைத்தவரும் பில்லில் உள்ளவரும் வேறானால் அது குத்தகையாக இருக்கலாம், வாரமாக (விளைச்சலில் பங்கு) இருக்கலாம், ஒத்தியாக (கடனுக்கு ஈடாக நிலம்) இருக்கலாம். கோயில், மடத்து நிலமென்றால் உள்குத்தகையும் உண்டு.

அடங்கலை நம்பி மட்டும் உட்காராதீர்கள். வருவாய்த்துறைக் கணக்காண்டான பசலி ஜூலை 1-இல் பிறக்கிறது. மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்தால் குறுவை ஒரு பசலியில் நாற்றாகவும் அடுத்த பசலியில் நெல்லாகவும் இருக்கும்.

செயற்கைக்கோள்

இவ்வளவு ஏன் சிரமப்பட வேண்டும்? சென்டினல் படம் இலவசம், 10 மீட்டர் துல்லியம். பரப்பை மேலிருந்தே எடுத்துவிடலாமே.

ஓடம்போக்கி

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மேலிருந்து என்ன தெரியும்? மேகம். ரேடார் படத்தில் மேகம் தொல்லையில்லை, ஆனால் நடவுக்குத் தண்ணீர் கட்டின வயலும் இறால் குட்டையும் ஒரே கறுப்புதான். மாதக்கணக்கில் கறுப்பாகவே கிடந்தால்தான் குட்டை என்று பிரிக்கலாம். கைவிட்ட குட்டை புல் முளைத்து வயல் மாதிரியே பச்சை காட்டும். குத்தகையை எந்தப் படம் காட்டும்?

கடைமடைக்காரி

இறால் குட்டை என்றதும் வேதாரண்யம் பக்கத்து ஒரு போர்வெல். மோட்டார் போட்ட உடனே உப்பு அளக்கும் மின்கடத்தல் மீட்டர் 1.8 காட்டியது, குறித்தாயிற்று. பேச்சு நீண்டு, ஒரு மணி நேரம் கழித்து விளையாட்டாய் மறுபடி முக்கினால் 4.6. அதே கிணறு, அதே மீட்டர்.

நல்ல தண்ணீர் மேலே மிதக்கும், உப்புத் தண்ணீர் கனம், கீழே கிடக்கும். இறைக்க இறைக்க உப்பு கூம்பு மாதிரி மேலேறி குழாயைத் தொடும். முதல் நிமிஷத்தில் வருவதோ குழாய்க்குள்ளேயே தேங்கிக் கிடந்த தண்ணீர். அதனால் 5, 15, 60 நிமிஷம் என்று மூன்று அளவு எடுங்கள், கடைசியாக மோட்டார் எப்போது ஓடியது என்றும் கேட்டு எழுதுங்கள். மீட்டரைத் தினமும் காலையில் 1,413 மைக்ரோசீமன்ஸ் என்று அளவு தெரிந்த கரைசலில் சரிபாருங்கள். வெப்ப ஈடு இல்லாத மீட்டரானால் 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 2 சதவீதம் கூடக் காட்டும். மே மாத வெயிலில் 35 டிகிரித் தண்ணீர் சும்மாவே 20 சதவீதம் உப்பாகிவிடும். புட்டியை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, காற்று நிற்காமல் வாய்வரை நிரப்பி மூடுங்கள்.

மண்ணில் எடுத்தால் ஆங்கில 'வி' எழுத்து மாதிரி 15 செ.மீ. குழி, பக்கவாட்டில் ஒரே கனத்தில் சீவல். வரப்போரம், வாய்க்கால் வாய், எருக்குவியல் பக்கம் வேண்டாம். பத்து இடத்து மண்ணைக் கலந்து, நான்காகப் பிரித்து எதிர்ப்பக்கம் இரண்டைத் தள்ளித் தள்ளி அரைக் கிலோவுக்குக் கொண்டுவாருங்கள். இன்னொன்று: தண்ணீர் ஊறி நிறைந்த மண்ணிலிருந்து பிழிந்த சாற்றில் 3 டெசிசீமன்ஸ் தாண்டினால் நெல் விளைச்சலை இழக்கத் தொடங்கும் என்பது நூல் கணக்கு. ஆய்வகச் சீட்டில் வருவது பெரும்பாலும் ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு, இரண்டரைப் பங்கு நீர் ஊற்றி அளந்தது. நீர்த்துப் போனதால் எண் சின்னதாக இருக்கும். 1.2 தானே என்று நிம்மதிப்படக் கூடாது.

மாதம் எழுதாத உப்பு அளவைக் குப்பையில் போடுங்கள். தை மாதம் மழை முடிந்த கையோடு எடுத்ததும், தண்ணீர் திறக்குமுன் வைகாசியில் எடுத்ததும் இரண்டு வெவ்வேறு ஊர். கடைமடை ரெகுலேட்டர் ஷட்டர் துருப்பிடித்து ஓரடி இறங்காமல் நின்றால், கடலேற்றத்தன்று வாய்க்காலில் எடுத்த அளவு மூன்றாவது ஊர்.

(கேட்டது மூட்டை, நான் கிணற்றுக்குள் இறங்கிவிட்டேன்.)

வெண்ணாறு

சின்னதாக ஒன்று. தைக் கடைசியில் ஒரு வயல்: பெல்ட் வண்டி (அறுப்பு மிஷின்) போன தடம் இரண்டிரண்டாக வெறும் மண், நடுவில் மட்டும் கோடு கோடாக உளுந்து. அறுப்புக்கு 7–10 நாள் முன்னால், மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது நிற்கிற நெல்லுக்குள் தெளிப்பது வழக்கம். ஆள் அறுத்த காலத்தில் முளை தப்பியது. இப்போது ஏக்கருக்கு 8 கிலோ விதைத்த இடத்தில் 10, 12 கிலோ போடுகிறார்கள். வினாத்தாளில் "உளுந்து: ஆம்". எவ்வளவு விதை, எவ்வளவு நசுங்கியது என்று கேள்வியே இல்லை. அறுப்புக் கூலி நெல்லாக வீட்டுக்கு வந்தது நின்றதும் அந்த இரண்டு தடத்தில்தான் இருக்கிறது. அதற்கும் கட்டம் இல்லை.

குடமுருட்டி

27-ஆவது கேள்வி நான்காக உடைந்துவிட்டது: எண்ணிக்கை, ஒரு மூட்டை எத்தனை கிலோ, எங்கே எடை போட்டது, காயவைத்ததா. பெரியவரிடம் மறுபடி போய்க் கேட்டாயிற்று. யாவாரி மூட்டைதானாம். 60 அல்ல, 62. ஏக்கருக்கு 2,232 கிலோ. முந்தின வாரத்து வீடுகளுக்கு நாளையிலிருந்து திரும்பப் போக வேண்டும்.