டவுன்லோடு 11-லேயே நிற்கிறதா? கேபிளைப் பாருங்கள்

பொங்கோல்காரன்:
ஒரு கிகாபிட் ஃபைபர் இருந்தும் டாரென்ட் (பலர் கணினியிலிருந்து துண்டு துண்டாக ஃபைல் இறக்கும் முறை) நொடிக்கு 11 மெகாபைட்டைத் தாண்டவில்லை என்றால் சாஃப்ட்வேரை நோண்ட வேண்டாம். 100 மெகாபிட்டை எட்டால் வகுத்தால் (எட்டு பிட் ஒரு பைட்) 12.5 மெகாபைட், நடைமுறையில் 11 சொச்சம். கோடு கிழித்ததுபோல் அங்கேயே நின்றால் கேபிளுக்குள் ஒரு கம்பி போயிருக்கும். கிகாபிட்டுக்கு எட்டுக் கம்பியும் வேண்டும், நூறுக்கு நான்கே போதும். அதனால்தான் கம்பி அறுந்தும் நெட் ஓடிக்கொண்டிருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது. விண்டோஸ் செட்டிங்ஸில் ஈதர்நெட் லிங்க் ஸ்பீடு 100/100 என்று காட்டினால் கேபிளை மாற்றுங்கள். சிங்கப்பூரின் மின்னணுக் கடைத்தொகுதி சிம் லிம் பக்கம் போனால் கேட் 8 வரை கேபிள் ரகங்களை அடுக்கியிருப்பார்கள்; இந்த வேலைக்கு கேட் 5இ தாராளம். இடையில் பழைய நெட்வொர்க் ஸ்விட்ச் இருந்தால் அதுவும் நூறிலேயே மடக்கிவிடும்.

ஜூரோங் வாசி:
அண்ணன் சொன்னது வயருக்கு. வைஃபைக்கு வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் முதல் எதிரி பாம் ஷெல்டர், அதாவது வீட்டுக்குள்ளேயே உள்ள குண்டுத் தடுப்பு அறை. கனத்த கான்கிரீட், இரும்புக் கதவு. ரவுட்டரை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினால் 5 கிகாஹெர்ட்ஸ் அடுத்த அறைக்கே தேறாது, லேப்டாப் 2.4-க்குத் தாவிவிடும். அந்த அலைவரிசையில் மேல்வீடு, கீழ்வீடு, எதிர்வீட்டு வைஃபை எல்லாம் முட்டிமோதும்.
இன்னொன்று, வைஃபையில் அப்லோடும் டவுன்லோடும் ஒரே அலைவரிசையில் முறைபோட்டுத்தான் போகின்றன. அப்லோடைக் கட்டவிழ்த்தால் டவுன்லோடு படுத்துவிடும். கியூபிட்டாரென்ட் என்ற டாரென்ட் சாஃப்ட்வேரில் அப்லோடு வரம்பு 0 என்றால் நிறுத்தம் அல்ல, வரம்பே இல்லை என்று பொருள்! நொடிக்கு 1000 கிலோபைட் அளவில் வைத்துப் பாருங்கள்.

நாட்டாமை:
போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் டாரென்ட் இணைப்புக்கு ரவுட்டரில் வழி திறப்பது) செய்தும் போர்ட் மூடியே இருந்தால், உங்கள் ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் இன்டர்நெட் ஐபியைப் பாருங்கள். 192.168 என்று தொடங்கினால் அதற்கு முன்னால் உள்ள இணையப் பெட்டியும் ரவுட்டராக ஓடுகிறது. அந்தப் பெட்டியை பிரிட்ஜ் மோடுக்கு (ரவுட்டர் வேலை செய்யாமல் இணைப்பை மட்டும் கடத்தும் நிலை) மாற்ற வேண்டும். 100.64-லிருந்து 100.127-க்குள் இருந்தால் சிஜிநாட், அதாவது ஒரே பொது ஐபியைப் பல வீடுகள் பகிர்கின்றன. வீட்டுக்குள் எதைத் திருகினாலும் திறக்காது, இணையச் சேவை நிறுவனத்திடம் பொது ஐபி கேளுங்கள்.

பொங்கோல்காரன்:
வேகம் நொடிக்கு 35, 40 மெகாபைட்டில் நின்றால் வெளி டிஸ்க் யுஎஸ்பி 2.0 துளையில் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். வேகம் ஏறி ஏறி விழுந்தால் டிஸ்க் எழுதத் திணறுகிறது. எஸ்எஸ்டியில் இறக்கிவிட்டுப் பிறகு நகர்த்துங்கள். எதையும் சோதிக்கும்போது உபுண்டு போல சீடர் (முழு ஃபைலையும் வைத்துப் பகிர்பவர்) நிறைந்த ஃபைலையே எடுங்கள். இரண்டே சீடர் உள்ள ஃபைலுக்கு எந்த ரவுட்டரும் மருந்தில்லை.