இங்கிலீஷ் வார்த்தைக்கு அர்த்தம் தெரிகிறது, பேசும்போது சொதப்புகிறது

காரைக்குடி_எம்காம்:
பேங்க் பரீட்சைக்குப் படிக்கிறேன். ஆறு மாதமாகத் தினமும் இருபது வார்த்தை, எதிரிலேயே அர்த்தம் என்று எழுதி மூன்று நோட்டு தீர்ந்துவிட்டது. போன வாரம் ஒரு கம்பெனி இன்டர்வியூவில் ஊரைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். நொட்டோரியஸ் என்றால் ‘நன்கு அறியப்பட்ட’ என்று நோட்டில் இருந்த தைரியத்தில் ‘காரைக்குடி இஸ் நொட்டோரியஸ் ஃபார் இட்ஸ் ஃபுட்’ என்று விட்டேன். எதிரில் இருந்த மேடம், “ஏன், சாப்பிட்டா வயித்தக் கலக்கிருமா?” என்றார். எங்கே தப்பு செய்கிறேன்?

பள்ளத்தூரான்:
தம்பி, அர்த்தத்தில் பாதியை விட்டுவிட்டீர்கள். ‘கெட்ட விஷயத்துக்காக’ என்ற மீதிதான் அதன் உயிர். ரவுடி நொட்டோரியஸ், டிராஃபிக் நெரிசல் நொட்டோரியஸ். நம் ஊர்ச் சாப்பாட்டுக்கு, நல்லதுக்காகப் பேர் பெற்ற என்ற அர்த்தத்தில் ரினௌன்ட். லாங்மேன் மாதிரி, கற்பவர்களுக்கான அகராதி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். 1978இல் வந்த முதல் பதிப்பிலிருந்தே சுமார் 2000 எளிய வார்த்தைகளுக்குள்தான் அர்த்தம் சொல்கிறார்கள். கீழே சாய்வெழுத்தில் இருக்கும் உதாரண வாக்கியத்தைத் தாண்டிப் போகாதீர்கள், எந்த வார்த்தையோடு எது சேரும் என்பது அங்கேதான் தெரியும்.

தேவகோட்டை_டீச்சர்:
அதோடு, சொந்தமாக ஒரு வாக்கியம் எழுத வேண்டும். ஆனால் என் பிள்ளைகள் எழுதுவது போல ‘தி ஹவுஸ் இஸ் டிலாப்பிடேட்டட்’ (வீடு சிதிலமடைந்திருக்கிறது) என்று மட்டும் எழுதினால் பிரயோஜனமில்லை. அந்த இடத்தில் பெரிய, அழகான, பச்சை என்று எதைப் போட்டாலும் நிற்கும். பங்காளிச் சண்டையில் பல வருஷமாகப் பூட்டிக் கிடந்து, ஓடு சரிந்து, வளவுக்குள் மழை இறங்கி, சுவரில் ஆலங்கன்று முளைத்த வீடு என்று எழுதுங்கள். அப்புறம் அந்த வார்த்தையை விரலால் மறைத்தாலும் மனசு அதைச் சொல்லிவிடும். கல்லைக் குறிக்கும் லாபிஸ் என்ற லத்தீன் சொல் அதற்குள் இருக்கிறது. கட்டடம், வேலி, பழைய வண்டிக்கெல்லாம் சொல்லலாம், ஆளுக்குச் சொல்ல வேண்டாம். பக்கத்திலேயே பர்மா தேக்குத் தூணும் ஆத்தங்குடித் தளமுமாகப் பளபளக்கிற முகப்பு ஒன்று இருக்குமே, அது ஆப்யுலன்ட், செல்வச் செழிப்பானது. ஒரே தெருவில் இரண்டு வார்த்தையும் முடிந்தது.

கோட்டையூர்_67:
டீச்சர் சொல்வது சரிதான், ஆனால் தினம் இருபதுக்கு இப்படி எழுதினால் கணக்குப் பாடத்தை எப்போது படிப்பது? ஐந்து போதும். மறுநாள் ஒரு தடவை, மூன்றாம் நாள், அப்புறம் வாரம் கழித்துப் பாருங்கள். எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன்காரர், அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து பார்த்து, படித்ததில் பெரும்பங்கு முதல் நாளிலேயே மறந்துபோகிறது என்று 1885இலேயே எழுதிவிட்டார். நோட்டை நிரப்பிக்கொண்டே போவது, திரும்பிப் பார்க்காமல் ஓடுவது மாதிரி.

காரைக்குடி_எம்காம்:
ரொம்ப நன்றி. சிக்கனமான என்று அர்த்தமுள்ள ஃப்ரூகல் என்ற வார்த்தைக்கு முயற்சி செய்தேன்: ‘எங்கள் அப்பத்தா ஃப்ரூகல், பால் கவரைக் கூடக் கழுவிக் கொடியில் காயப்போடுவார்.’ சரியா?

தேவகோட்டை_டீச்சர்:
இதே வாக்கியத்தில் ஸ்டிஞ்சியும் நிற்கும், அப்பத்தா கஞ்சம் என்று ஆகிவிடும். ‘ஆனால் வாசலுக்கு வந்தவரை இலை போடாமல் அனுப்பமாட்டார்’ என்று சேருங்கள், அப்போது ஃப்ரூகல் மட்டும்தான் பொருந்தும்.