உதவி: ஷண்டிங் என்ஜின் பாயின்ட் தாண்டியதும் நின்றுவிடுகிறது

ஒற்றைப்பலகை
வணக்கம் நண்பர்களே, கொஞ்சம் அவசரம். ஞாயிற்றுக்கிழமை அக்கா பிள்ளைகள் என் மாடல் ரயில் லேஅவுட் பார்க்க வருகிறார்கள். சின்ன லேஅவுட், நான் ஒருவன்தான் ஓட்டுகிறேன். ஒரு கையில் கன்ட்ரோலர், மறு கையில் கப்ளிங் கழற்றும் குச்சி. மெதுவாகப் போனால் பாயின்டில், அதாவது தடம் பிரியும் இடத்தில், என்ஜின் நின்றுவிடுகிறது. தட்டிவிட்டால் ஓடுகிறது. ஆனால் தட்டுகிற நேரத்தில் கோத்த வேகன் கழன்றுவிடுகிறது. தண்டவாளத்தைத் துடைத்துவிட்டேன். என்ன செய்யலாம்?

குன்னூர்க்காரன்
மாடல் அளவு எச்ஓவா (HO), அதைவிடச் சின்ன 'என்' (N) ஸ்கேலா? சாதா டிசி கரன்டா, டிஜிட்டல் கட்டளையில் ஓடும் டிசிசியா? என்ஜினுக்கு எத்தனை சக்கரம்? எதுவுமே சொல்லவில்லையே.

மதுரைபாசஞ்சர்
அழுக்குதான், சந்தேகமே வேண்டாம். வெறும் துணியால் துடைத்தால் போதாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு, தண்டவாளத்தோடு சக்கரத்தையும் துடையுங்கள். உப்புத்தாள் மட்டும் போடாதீர்கள். அந்தக் கீறலில் அழுக்கு இன்னும் வேகமாகச் சேரும்.

யார்டுமாஸ்டர்
இந்தக் கேள்விக்கு இங்கே பலமுறை பதில் சொல்லியாயிற்று. நாலு சக்கர என்ஜினை வாங்கிவிட்டு மெதுவாக ஓட வேண்டும் என்றால் எப்படி? பாயின்டின் கிராசிங் மூக்கு (இரண்டு தடத்துத் தண்டவாளமும் சேரும் முனை) பிளாஸ்டிக்காக இருந்தால் அந்த இடத்தில் கரன்ட் கிடையாது. ஆறு சக்கர என்ஜின் தாண்டிவிடும், நாலு சக்கரம் படுத்துவிடும். என்ஜினில் கொஞ்சம் கரன்டைத் தேக்கி வைக்கும் ஒரு கெப்பாசிட்டர் வையுங்கள். அடிப்படையைப் படித்துவிட்டு லேஅவுட் போடுவது நல்லது.

குன்னூர்க்காரன்
யார்டுமாஸ்டர் சார், நீங்கள் சொல்லும் கெப்பாசிட்டர் டிசிசி டிகோடரோடு (என்ஜினுக்குள் கட்டளையைப் படிக்கும் சின்னச் சுற்று) சேர்ந்து வேலை செய்வது. அவர் சாதா டிசி வைத்திருந்தால் அது உதவாது. முதலில் அவர் பதில் சொல்லட்டும்.

ஒற்றைப்பலகை
மன்னிக்கவும், இப்போதுதான் பார்த்தேன். எச்ஓ, சாதா டிசி 12 வோல்ட். நாலு சக்கர டீசல் ஷண்டர். 5 அடிப் பலகையில் இங்கிள்நூக் (மூன்று சைடிங், அதாவது கிளைத் தடங்களில் வேகன்களை வரிசைப்படுத்தும் அமைப்பு), இரண்டு பாயின்ட். மூக்கு பிளாஸ்டிக்தான்.

பற்றவைப்பு
தம்பி, எந்தப் பாயின்ட்? மூக்கின் மேலேயே நிற்கிறதா, மூக்கைத் தாண்டி சைடிங்கில் நிற்கிறதா? இரண்டும் வேறு வேறு நோய். இன்னொன்று, சமீபத்தில் ஜல்லி ஒட்டினீர்களா?

போடிரயில்
இங்கிள்நூக் எல்லாம் புதிர் விளையாட்டு. நிஜ யார்டில் யாராவது சீட்டுக் குலுக்கிப் போட்டு வண்டி கோப்பார்களா? தனியாக ஓட்டுபவருக்கு மீட்டர் கேஜ் காலத்துப் போடிநாயக்கனூர் மாதிரி ஒரு கடைசி ஸ்டேஷன்தான் சரி. வண்டி வரும், என்ஜின் கழன்று பக்கத்து லைனில் சுற்றி மறு முனைக்கு வரும், திரும்பக் கிளம்பும். அதில் ஒரு ஊர் இருக்கிறது, ஏலக்காய் மூட்டை இருக்கிறது.

குன்னூர்க்காரன்
புதிர் என்று தள்ளிவிடாதீர்கள். இங்கிள்நூக்கை உருவாக்கிய ஆலன் ரைட் போட்ட கணக்கு அழகானது. ஒரு சைடிங்கில் 5 வேகன், மற்ற இரண்டில் 3, 3. மொத்தம் 8 வேகன், அதில் 5 வேகனைச் சொன்ன வரிசையில் கோக்க வேண்டும். 6,720 வரிசைகள் வரும். ஆளில்லாத வீட்டில் ராத்திரி உட்கார்ந்து ஆட இதைவிட என்ன வேண்டும்? என்ஜின் சுற்றி வரும் லைனுக்கு 5 அடிப் பலகையில் எங்கே இடம்?

போடிரயில்
வண்டியைச் சின்னதாக்கினால் இடம் வரும். இரண்டு பெட்டி போதும். எண்ணிக்கை எவ்வளவு இருந்தாலும் அந்த எட்டு வேகன் எங்கேயும் போவதில்லை, அதுதான் எனக்கு ஒட்டவில்லை.

யார்டுமாஸ்டர்
இரண்டு பேரும் தனி இழை போடுங்கள். வேபில் அட்டை (எந்த வேகன் எங்கே போக வேண்டும் என்ற சீட்டு) எழுதி ஓட்டத் தெரியாதவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஒற்றைப்பலகை
மூக்கைத் தாண்டி இரண்டாவது சைடிங்கில் நிற்கிறது. மற்ற சைடிங்குகளில் இல்லை. ஜல்லி போன வாரம் ஒட்டினேன், வெள்ளைப் பசையில் தண்ணீர் கலந்து. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பற்றவைப்பு
உண்டு, பெரும்பாலும் அதுதான். இந்த வகைப் பாயின்டில் சைடிங்குக்குக் கரன்ட் போவது டங் ரயில் (பாயின்டில் நகரும் தண்டவாளம்), ஸ்டாக் ரயிலை (அதன் பக்கத்தில் நகராமல் இருக்கும் தண்டவாளம்) தொடுவதால்தான். நடுவில் பசை படலமாகக் காய்ந்தால், பார்க்கத் தொடுகிற மாதிரி இருக்கும், ஆனால் கரன்ட் போகாது. தட்டினால் அதிர்ந்து ஒரு நொடி தொட்டுவிடும்.

சோதித்துப் பாருங்கள். என்ஜின் நின்றதும் அதைத் தொடாமல், பல்குச்சியால் டங் ரயிலை ஸ்டாக் ரயிலோடு அழுத்துங்கள். கிளம்பினால் இதுதான் காரணம். மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. பாயின்டுக்கு முன்னால் வோல்ட் காட்டி, சைடிங்கில் பூஜ்யம் காட்டும்.

தொடும் இடத்தில் படிந்த பசையை ஊசி முனையால் சுரண்டி எடுங்கள். நிரந்தரமாக வேண்டுமென்றால் பாயின்டைக் கழற்றி, அடியில் ஒவ்வொரு டங் ரயிலுக்கும் அதை ஒட்டிய ஸ்டாக் ரயிலுக்கும் ஒரு மெல்லிய ஒயர் பற்றவையுங்கள். அப்புறம் எல்லா சைடிங்கிலும் எப்போதும் கரன்ட் இருக்கும். இரண்டு என்ஜின் வைத்திருப்பவர்களுக்கு இது தொல்லை, நிறுத்திய என்ஜினும் சேர்ந்து ஓடும். நீங்கள் ஒரே என்ஜின், ஒரே ஆள், பாதகமில்லை. மூக்கு உலோகமாக உள்ள பாயின்டில் மட்டும் அப்படியே இதைச் செய்துவிடக் கூடாது, ஷார்ட் ஆகும்.

மதுரைபாசஞ்சர்
ஆக, அழுக்குதான் என்று நான் சொன்னது சரி.

பற்றவைப்பு
இடம் வேறு ஐயா. அவர் தண்டவாளத்தின் மேல்பக்கத்தை ஆல்கஹாலால் எத்தனை முறை துடைத்தாலும் இது போகாது.

ஒற்றைப்பலகை
பல்குச்சி வைத்ததும் கிளம்பிவிட்டது. சுரண்டிவிட்டேன், இப்போது தவழ்ந்து போகிறது. ஒயர் வேலை ஞாயிறு கழித்து. நன்றி அண்ணா.

புதுத்தடம்
எனக்கும் இதே தொல்லை, ஆனால் மூக்கின் மேலேயே நிற்கிறது, டிசிசி.

பற்றவைப்பு
உங்களுக்குத்தான் யார்டுமாஸ்டர் சொன்ன கெப்பாசிட்டர் பொருந்தும். டிகோடரில் அதற்கு இணைப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, என்ஜின் விவரத்தோடு எழுதுங்கள்.