எஸ்டிபி அவுட்லெட் பிஓடி: சாம்பிளைக் குறைக்கக் குறைக்க மதிப்பு ஏறுகிறது

கேள்வி (அவுட்லெட்27):
வணக்கம். அடுக்குமாடிக் குடியிருப்பு எஸ்டிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்), குளோரின் போட்ட பிறகான தண்ணீர். அதன் பிஓடி (கரிமப் பொருளைச் சிதைக்கக் கிருமிகள் எடுக்கும் ஆக்சிஜன்) பார்க்கிறேன். 27 டிகிரி, 3 நாள், 300 மிலி பாட்டில், டிஓ (நீரில் கரைந்த ஆக்சிஜன்) அளக்க வின்க்ளர் டைட்ரேஷன். சீடு (கிருமிகள் உள்ள விதைநீர்) சேர்க்கவில்லை. 60 மிலி சாம்பிளில் டிஓ 2.4 மிகி/லி குறைந்தது, பிஓடி 12. 30 மிலியில் 1.9 குறைவு, பிஓடி 19. 15 மிலியில் 1.4, பிஓடி 28. பிளாங்க் (சாம்பிள் இல்லாமல், நீர்க்கச் சேர்க்கும் நீர் மட்டும் உள்ள பாட்டில்) 0.6 குறைகிறது. சிஓடி (வேதிமுறையில் அளக்கும் ஆக்சிஜன் தேவை) 44. மூன்றுக்கும் சராசரி போடலாமா?

பதில் (நுரைத்தொட்டி):
வேண்டாம் சார், மூன்றையும் விட்டுவிடுங்கள். டிஓ குறைவு 2-க்குக் கீழே போனால் அந்தப் பாட்டில் கணக்கில் வராது. 15, 30 மிலி இரண்டும் அதிலேயே அடிபடுகின்றன. 60 மிலி விதிக்குள் வந்தாலும் நம்ப முடியாது.

இரண்டு கோளாறு சேர்ந்திருக்கிறது. முதலாவது பிளாங்க். 0.2-ஐத் தாண்டக் கூடாது. உங்கள் 0.6, 15 மிலி பாட்டிலில் 20 மடங்காகி ஏறத்தாழ 12 ஆகிறது. 30 மிலியில் 6, 60 மிலியில் 3. கழித்துப் பார்த்தால் சுமார் 16, 13, 9. அப்போதும் சாம்பிள் குறையக் குறைய ஏறுமுகம்தான். அதுதான் இரண்டாவது கோளாறு: மிச்சக் குளோரின் கிருமிகளை அடக்குகிறது, நீர்க்க நீர்க்க அதன் வீரியம் குறைகிறது. கழித்தல் கணக்கு அழுக்கான பிளாங்க்கைக் காப்பாற்றாது.

பிளாங்க்குக்கு முதலில் நீர்க்கச் சேர்க்கும் நீரின் கேனையும் ரப்பர் குழாயையும் பாருங்கள். உள்சுவரில் வழவழப்பு இருந்தால் அதுவே காரணம். பாஸ்பேட் பஃபரில் நூல் நூலாக ஏதாவது மிதந்தால் உடனே கொட்டுங்கள். ரெசின் வழியாக வரும் டிஎம் வாட்டரிலும் (தாது நீக்கிய நீர்) கரிமப் பொருள் கசியும். காய்ச்சி வடித்த நீரோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

குளோரினுக்கு: 100 மிலி சாம்பிளில் 1+50 கந்தக அமிலம் (1 பங்கு அமிலம், 50 பங்கு நீர்) 1 மிலி, 10% பொட்டாசியம் அயோடைடு 1 மிலி, ஸ்டார்ச் சேர்த்து, சோடியம் சல்பைட் கரைசலால் (லிட்டருக்கு 1.575 கிராம், அன்றன்று தயாரித்தது) நீலம் மறையும்வரை டைட்ரேட் செய்யுங்கள். அதே விகிதத்தில் பிஓடிக்கான சாம்பிளில் சல்பைட் மட்டும் சேர்த்து, 10–20 நிமிடம் கழித்துக் குளோரின் இருக்கிறதா என்று மறுபடி பாருங்கள். கண்ணளவில் ஊற்றாதீர்கள்: மிஞ்சும் சல்பைட் தானே ஆக்சிஜனைத் தின்னும்.

அடுத்த முறை 50, 75, 100 மிலி வையுங்கள்.

பதில் (வின்க்ளர்பாட்டில்):
குளோரினை நீக்கினால் மட்டும் போதாது, செத்த கிருமி எழுந்து வராது. சீடு கட்டாயம். இன்லெட் கழிவுநீரைப் படியவிட்டு, மேல்தெளிவிலிருந்து பாட்டிலுக்கு 1 மிலி. சீடு மட்டும் போட்ட பாட்டிலும் தனியாக வைத்து அதன் பங்கைக் கழியுங்கள், அது 0.6–1.0 மிகி/லி அளவில் இருப்பது நல்லது. ஏரேஷன் டேங்க் கலவையைச் சீடாக எடுக்காதீர்கள். நைட்ரேட் ஆக்கும் பாக்டீரியா வந்து சேரும். 1 மிகி அம்மோனியா நைட்ரஜன் 4.57 மிகி ஆக்சிஜன் குடிக்கும்.

இன்னொன்று, ஃபிரிட்ஜில் இருந்த சாம்பிளை அப்படியே பாட்டிலில் ஊற்றினால், சூடேறும்போது காற்று குமிழாக வெளியேறும். அந்த இழப்பும் பிஓடியாகக் கணக்கில் ஏறிவிடும். 27 டிகிரிக்குக் கொண்டுவந்து குலுக்குங்கள். தொடக்க டிஓ 8-க்கு அருகில் இருக்க வேண்டும். மூடியைச் சுற்றி நிற்கும் நீர் அடைப்பைத் தினமும் பார்த்து நிரப்புங்கள்.

சோதனை சரியாக ஓடுகிறதா என்று பார்க்க, குளுக்கோஸ்–குளுட்டாமிக் அமிலம் (ஒவ்வொன்றும் 150 மிகி/லி) 6 மிலி போட்டு, அதே சீடுடன் ஒரு பாட்டில் கூடவே ஓடட்டும். 20 டிகிரி, 5 நாளுக்கு அதன் பிஓடி 198 ± 30.5 மிகி/லி வர வேண்டும். 27 டிகிரி, 3 நாளிலும் அதை ஒட்டித்தான் வரும். 120 வந்தால் சீடு மந்தம்.

அவுட்லெட்27:
நன்றி. குளோரின் டேங்குக்கு முன்பே சாம்பிள் எடுத்தால் இந்த வேலையெல்லாம் மிச்சம்தானே?

நுரைத்தொட்டி:
பிளாண்ட் எப்படி ஓடுகிறது என்று பார்க்க அது போதும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குக் காட்டும் எண் வெளியேறும் இடத்துத் தண்ணீரினுடையதாக இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் வைத்துப் பாருங்கள். குளோரின் நீக்கமும் சீடும் சரியாக இருந்தால் இரண்டு எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் வரும்.