தங்கையின் கலந்தாய்வு: அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். என் தங்கை பொறியியல் கலந்தாய்வுக்குக் காத்திருக்கிறாள். கட்-ஆஃப் 200க்கு 191. கணிதத்தில் 98, வேதியியலில் வந்த 92தான் அவளை அரிக்கிறது. கிண்டி பொறியியல் கல்லூரியில் கணினி அறிவியல் என்பது நெடுநாள் ஆசை. எங்கள் இடஒதுக்கீட்டுப் பிரிவில் இந்த மதிப்பெண்ணுக்கு அது கஷ்டம் என்று அவளுக்கே தெரியும். ராத்திரியெல்லாம் போன வருட கட்-ஆஃப் பட்டியலையே போனில் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தட்டில் தோசை ஆறிப்போகிறது.

கிண்டி இல்லையென்றால் குரோம்பேட்டை எம்ஐடியில் (மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி) வேறு பாடப்பிரிவா, கோவையில் நல்ல தனியார் கல்லூரியில் கணினி அறிவியலா? விருப்பப் பட்டியலில் எதை முன்னால் வைப்பது? கிடைத்த இடத்தை ஏற்றுக்கொண்டு, பட்டியலில் அதற்கு மேலே வைத்த விருப்பத்துக்கும் காத்திருந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

அப்புறம், ஆசைப்பட்டது கிடைக்காமல் போனவர்களே, அன்றைக்கு வீட்டில் யார் என்ன சொன்னது உங்களைத் தேற்றியது? தயவுசெய்து எழுதுங்கள். "கிடைச்சதைப் படி" என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.