கறுப்பு ரிப்பன்: "அவங்களும் டாக்டர்தானே" என்றால் கணக்கு முடிந்ததா?

மோல்மீன் பேரன்:
நேற்று வேறொரு இழையில் சுபேதார் ஐயா ஒரு முத்தை உதிர்த்திருக்கிறார். 2015 ஆகஸ்டில் பர்மா டாக்டர்களும் நர்சுகளும் கறுப்பு ரிப்பன் குத்திக்கொண்டது 'வெறும் பிரமோஷன் பொறாமை'யாம், மேலே வந்த ராணுவத்தாரும் டாக்டர்தானாம். சுகாதார அமைச்சகத்தின் பெரிய நாற்காலிகளில் ராணுவ அதிகாரிகளைக் கொண்டுவந்து உட்காரவைத்ததை அவர்கள் எதிர்த்தார்கள், அவ்வளவுதான். வேலைநிறுத்தம்கூட இல்லை. வெள்ளைச் சட்டை, சிவப்பு லுங்கி, நெஞ்சில் கறுப்பு ரிப்பன். அப்படியே வார்டில் ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள், ஃபேஸ்புக்கில் படம் போட்டார்கள். இதில் பொறாமை எங்கே வந்தது?

சுபேதார் (ஓய்வு):
பர்மாவில் யாங்கோன் பக்கம் மிங்கலாடோனில் ராணுவ மருத்துவக் கல்லூரி 1992 முதல் இருக்கிறது. அங்கே படித்து வந்தவர் டாக்டரா, இல்லையா? ஒரே வார்த்தையில் பதில் வேண்டும்.

மோல்மீன் பேரன்:
டாக்டர்தான். அதனால்? முகாமில் குண்டடிக்குத் தையல் போட்டவருக்கு, மலைக்கிராமத்துக்குத் தடுப்பூசி கெடாமல் போய்ச் சேரும் வழி எப்படித் தெரியும்? டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் தொடங்கிப் படிப்படியாக மேலே வந்தவர்கள் காத்திருக்க, பக்கத்துத் துறையிலிருந்து ஒருவர் நட்சத்திரத்தோடு வந்து உட்காருவாராம். 2000இல் உலக சுகாதார நிறுவனம் 191 நாடுகளின் மருத்துவ அமைப்பை வரிசைப்படுத்தியபோது பர்மாவுக்கு 190ஆவது இடம். அன்றைக்கு ஆட்சியில் இருந்தது யார்? நர்சுகளா?

சுபேதார் (ஓய்வு):
'டாக்டர்தான்' என்று ஒப்புக்கொண்டுவிட்டார். எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள்.

மோல்மீன் பேரன்:
ஒப்புக்கொண்டேனா! இது உங்கள் பழைய வேலை. ரேஷன் கடை இழையிலும் பாதி வரியைப் பிடித்துக்கொண்டு இதையேதான் செய்தீர்கள்.

வார்டு நம்பர் 7:
நான் நர்ஸ். ரிப்பன் குத்தியதில் பாதிப் பேர் நாங்கள்தான். இங்கே இரண்டு பேரும் டாக்டர், டாக்டர் என்றே அடித்துக்கொள்கிறீர்கள். நர்சிங் பிரிவுக்கு மேலே யார் வருகிறார்கள் என்று யாராவது கேட்டீர்களா?

சுபேதார் (ஓய்வு):
அம்மா, அது வேறு விஷயம். வந்தவர் டாக்டரா, இல்லையா?

வடமராட்சியான்:
இலங்கையிலும் இதே கதைதான். 2020 மே மாதம் சுகாதாரச் செயலாளராக மேஜர் ஜெனரல் சஞ்சீவ முனசிங்கவைப் போட்டார்கள். கொரோனா தடுப்பு மையத்துக்குத் தலைவர் இராணுவத் தளபதி. சீருடை ஒருக்கா உள்ளே வந்தால் லேசில் வெளியே போகாது, அதை எங்களிடம் கேளுங்கள்.

சுபேதார் (ஓய்வு):
முனசிங்கவும் டாக்டர்தான்! நன்றி, என் கட்சிக்குச் சாட்சி சொன்னதற்கு.

வடமராட்சியான்:
செயலாளர் பதவி நோயாளியைப் பார்க்கிற பதவியா? நான் சொன்னதை ஒருக்கால் ஆறுதலாக வாசித்துவிட்டுக் கதையுங்கள்.

மோல்மீன் பேரன்:
அவர் வாசிக்க மாட்டார், நானே சொல்கிறேன். பர்மாவின் 2008 அரசியல் சட்டத்தை எழுதியதே ராணுவம். அதிலேயே தளபதிக்கென்று பாதுகாப்பு, உள்துறை, எல்லை விவகாரம் என மூன்று அமைச்சகங்களை ஒதுக்கிக்கொண்டார்கள், நாடாளுமன்றத்தில் 25 சதவீத இடம் தனி. சுகாதாரம் அந்தப் பட்டியலில் இல்லை. தாங்களே போட்ட கோட்டைத் தாங்களே தாண்டினார்கள். டாக்டர்களைப் பார்த்து வக்கீல்களும் அதே ஆண்டு மஞ்சள் ரிப்பன் குத்தினார்கள், நீதித்துறைக்குள் ராணுவத்தார் வந்ததற்காக. அதுவும் பிரமோஷன் பொறாமையா ஐயா? 1964இல் பர்மாவில் கடைகளை அரசுடைமையாக்கி அங்கிருந்த நம்மவர்களைக் கப்பலேற்றிய ராணுவக் கூட்டத்துக்கு வக்காலத்து வாங்க உங்களுக்கு எப்படித்தான் மனசு வருகிறதோ!

சுபேதார் (ஓய்வு):
1964ஐ யார் கேட்டது? 2021 பிப்ரவரியில் என்ன நடந்தது, அதைச் சொல்லுங்கள். உங்கள் ரிப்பன் டாக்டர்கள் அரசு ஆஸ்பத்திரியைப் போட்டுவிட்டு வெளியே வந்தார்கள். நாங்கள் எல்லையில் ஒருநாளும் பணியைப் போட்டுவிட்டு வந்ததில்லை.

மோல்மீன் பேரன்:
பிப்ரவரி 1 அன்று ஆட்சியைக் கவிழ்த்தது ராணுவமா, டாக்டர்களா? மாண்டலேயில் முதலில் வேலையை மறுத்தவர்கள் அவர்கள்தான், ஆமாம், இந்த முறை சிவப்பு ரிப்பன். 2015இல் எதற்குப் பயந்தார்களோ அதுவே முழுசாக வந்து நின்றபோது வேறென்ன செய்வார்கள்?

வார்டு நம்பர் 7:
வெளியே வந்த பலர் தர்மத்துக்கு வைத்தியம் பார்த்தார்கள், அதற்காகக் கைதும் ஆனார்கள். அதைப் பற்றி சுபேதார் ஐயா வாயைத் திறக்க மாட்டார்.

சுபேதார் (ஓய்வு):
ராணுவ டாக்டரை டாக்டர் இல்லை என்று சொல்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

மோல்மீன் பேரன்:
யார் சொன்னது? எந்தப் பதிவில்? எடுத்து ஒட்டுங்கள் பார்ப்போம். ரேஷன் கடை இழையில் கேட்ட ஆதாரமே இன்னும் வரவில்லை.

சுபேதார் (ஓய்வு):
அந்த இழையில் ஓடியது நீங்கள். எனக்குப் பென்ஷன் வேலை இருக்கிறது, ராத்திரி வந்து பேசுகிறேன்.